ஊரைக் கேட்காத உரிமம்

பழவேற்காடு ஏரியின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டப் பொன்னேரி வட்டத்தில். ஒரே உப்பங்கழியின் இரு கரைகளிலும் மதுவுக்கு இரண்டு சட்டங்கள் நடக்கின்றன. ஆரம்பாக்கம் தாண்டித் தடா பக்கம் போனால் பனங்கள் இறக்கி விற்க உரிமம் கிடைக்கும். இந்தப் பக்கம் 1987 சனவரி 1 முதல் கள் இறக்குவதே குற்றம். அந்தப் பக்கம் 2024 அக்டோபரிலிருந்து மதுக்கடைகள் தனியார் கையில் இருக்கின்றன. இந்தப் பக்கம் 2003 நவம்பர் 29 முதல் சில்லறைக் கடை நடத்தும் உரிமை தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்ற டாஸ்மாக் ஒன்றுக்கு மட்டுமே. இவ்வளவு வேறுபட்டாலும் இரண்டு சட்டங்களும் ஓர் இடத்தில் ஒத்துப்போகின்றன. கடை எங்கே வர வேண்டும், வந்த கடை நீடிக்க வேண்டுமா என்று முடிவு செய்யும்போது இரண்டுமே அந்த ஊரைக் கேட்பதில்லை.

பசியாவரம் போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று தெரியும். பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கு அப்பால், ஏரிநீர் சூழ்ந்த திட்டில் இருக்கிற மீனவ ஊர் அது. இடமணி, சாந்தாங்குப்பம், ரஹ்மத் நகர் போன்ற குடியிருப்புகள் அதற்கு அக்கம்பக்கம். மருத்துவமனைக்கும் சந்தைக்கும் படகையே நம்பியிருந்து, ஒரு பாலத்துக்காக ஆண்டுக்கணக்கில் மனு எழுதிக் கொடுத்த மக்கள். அரசிடம் ஒரு வசதியைக் கேட்டுப் பெற எத்தனை காலம் ஆகும் என்பது இவர்களுக்கு நன்றாகவே தெரியும். மது மட்டும் யாரும் கேட்காமலே வந்து சேர்கிறது.

இந்தக் கரையின் மீனவ ஊர்கள் தம்மைத் தாமே ஆளத் தெரியாதவை அல்ல. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ என்ற முறை தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் தலைமுறைகளாக இந்த உரிமையை வைத்திருக்கின்றன. முகத்துவாரத்தை ஒட்டி இறால் பிடிபடும் இடங்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. நீரோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் வலை கட்டியவருக்குக் கிடைப்பது வேறு, ஓரத்தில் கட்டியவருக்குக் கிடைப்பது வேறு. ஆகவே சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, நல்ல இடமும் மோசமான இடமும் உறுப்பினர் எல்லாருக்கும் மாறிமாறி வரும்படி செய்திருக்கிறார்கள். எழுதப்பட்ட சட்டம் எதுவும் இதைத் தரவில்லை. மீன்வள ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இதைத் தேடிவந்து படிக்கிறார்கள். ஊர்கள் தாமாகவே ஒரு பொது வளத்தைப் பங்கிட்டுக் காத்த முறை உலகில் அதிகம் இல்லை என்பதுதான் காரணம். தன் நீரை இவ்வளவு நுணுக்கமாகப் பங்கிடத் தெரிந்த சமூகத்துக்கு, தன் துறையருகே மதுக்கடை வரலாமா கூடாதா என்று சொல்ல மாநிலச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரி எழுதப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இன்று மது விற்கப்படுவதும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். 1937ஆம் ஆண்டின் சென்னை மதுவிலக்குச் சட்டம்தான் பெயர் மாறி, நூறு திருத்தங்கள் கண்டதுபோல் உருமாறி, இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மதுவைத் தயாரிப்பது, வைத்திருப்பது, விற்பது அனைத்தையும் அதன் 4ஆம் பிரிவு தடை செய்கிறது. பிறகு சேர்க்கப்பட்ட 17-பி, 17-சி போன்ற பிரிவுகள் மொத்த விற்பனைக்கும் சில்லறை விற்பனைக்கும் வழி திறக்கின்றன. தடைதான் பொது விதி. விற்பனை அதற்கு விலக்கு. மது வணிகம் செய்வது எவருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கின் 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவற்றில் முக்கியமானது. மது முழுக்க முழுக்க அரசுக்கே உரிய சலுகை. அரசு விரும்பினால் கொடுக்கும், விரும்பினால் எடுக்கும் என்பதே அந்தச் சட்டநிலை. சாராய முதலாளிகளுக்கு எதிராக வளர்ந்த இந்தக் கோட்பாட்டில் தவறில்லை. ஆனால் அதன் விளைவாக மது என்பது அரசுக்கும் உரிமதாரருக்கும் இடையிலான விவகாரமாகச் சுருங்கிவிட்டது. உரிமதாரரும் அரசே ஆனபிறகு மூன்றாவது ஆள் ஒருவர் பேச அங்கே இடம் எங்கே?

ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கு அது பரவியது. போருக்கு நடுவே நிறுத்தப்பட்டு, மீண்டும் தொடங்கி, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் வந்தது. கலால் வருவாயின் இழப்பை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. நாட்டிலேயே அப்படியொரு பொது வரியை முதலில் போட்ட மாகாணம் சென்னைதான். குடிப்பவரின் காசில் அரசு நடக்கக் கூடாது, வாங்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொடுத்து அந்தச் சுமையைப் பகிரலாம் என்பது அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கு இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதை டாஸ்மாக்கின் வருவாய் காட்டுகிறது. 2023-24 நிதியாண்டில் மதுவிலிருந்து அரசுக்குக் கிடைத்தது 45,855 கோடி ரூபாய். அதில் ஆயத்தீர்வை சுமார் 10,774 கோடி. மீதி 35,081 கோடி மதிப்புக்கூட்டு வரி, அதாவது பழைய விற்பனை வரியின் வாரிசு. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது மனிதர் குடிக்கும் மது அதற்கு வெளியே விடப்பட்டது. மாநிலங்கள் தாமாக வரி போட்டு உயர்த்திக்கொள்ளக்கூடிய வெகுசில பொருள்களில் மது ஒன்றாகிவிட்டது. மதுவிலக்கால் வந்த இழப்பை நிரப்பப் பிறந்த வரியே இன்று மதுவின் மேல் கட்டப்பட்டு நிற்கிறது. 2024-25இல் மொத்த வருவாய் 48,344 கோடியானது.

இடைப்பட்ட வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. 1971 ஆகஸ்ட் 30இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி கடைகள் திறந்தன. 1983 மே மாதம் டாஸ்மாக் மொத்த வணிகத்துக்காகத் தொடங்கப்பட்டது. தனியாருக்கு ஏலம் விட்ட சில்லறைக் கடைகளை ஜெயலலிதா அரசு 2003இல் அதே நிறுவனத்திடம் கொடுத்தது. இத்தனை முறை கதவு மூடித் திறந்தபோதும் சாவி ஊர்க்காரர் கைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

கடை அமையும் இடத்தை இன்று கட்டுப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கூடாது. நகரமைப்புத் துறை வணிகப் பகுதி என்று குறித்த இடங்களுக்கு இதிலும் விலக்கு உண்டு. கோயிலையும் பள்ளியையும் சட்டம் நினைத்துப் பார்த்தது நல்லதுதான். ஆனால் குடியிருப்புக்கு எந்தத் தூரமும் இல்லை. பெண்கள் மீன்கூடையோடு காத்திருக்கும் பேருந்து நிறுத்தத்துக்குத் தூரம் இல்லை. படகுத்துறைக்கும் மீன் ஏலம் போகிற இடத்துக்கும் இல்லை. காலையில் வலையைத் தட்டி, இறாலை எடை போட்டு, கையில் பணம் வாங்கும் இடம்தான் மீனவக் குடும்பத்துக்கு மிக ஆபத்தான நூறு மீட்டர். அதை அளந்து சொல்ல மீன்விற்கும் ஒரு பெண் போதும்; விதி எழுதியவர்கள் அவரைக் கேட்கவில்லை.

தீவு ஊர்களுக்கு இந்த மீட்டர் கணக்கு இன்னும் பொருந்தாது. பக்கத்தில் கடை இல்லை என்பதால் மது இல்லை என்று ஆகாது. தண்ணீருக்கு அப்பால் பாட்டிலை மொத்தமாக வாங்கி, படகில் ஏற்றி, ஊருக்குள் கூடுதல் விலைக்கு விற்பது எந்தத் தீவு ஊருக்கும் நேரக்கூடியது. கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் என்பது அரசு விதி. இரவெல்லாம் கழியில் இருந்துவிட்டு விடியலில் கரையேறுகிறவருக்கு அந்த நேரம் ஒத்துவராது. அவர் கையில் காசு இருக்கும் நேரத்துக்கும் கடை திறக்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் கள்ளவிற்பனை பிழைக்கிறது. தமிழ்நாடு முழுவதும் சந்துக்கடை என்று மக்கள் சொல்வது இதைத்தான். அதற்கு உரிமமும் இல்லை, நேரமும் இல்லை, 21 வயது என்ற வரம்பும் இல்லை.

சட்டம் யாருடைய பாதுகாப்பை அளக்கிறது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் நெடுஞ்சாலைத் தீர்ப்பு நல்ல சான்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 20,000 பேருக்குக் குறைவாக வாழும் இடங்களுக்கு இது பிறகு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் தேதியில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் சாகிறவர்களின் எண்ணிக்கை நீதிமன்றத்தின் முன் இருந்தது. அந்த அக்கறை நியாயமானது. ஆனால் நெடுஞ்சாலையை விட்டுப் பெயர்ந்த கடைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. அவை ஊருக்குள்ளும் வயலோரமும் குடியிருப்பை ஒட்டியும் வந்தன. அந்தக் கோடையில் மாவட்டத்துக்கு மாவட்டம் பெண்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஏப்ரல் 11 அன்று போராடிய ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சாலையில் போகிறவருக்கு 500 மீட்டர் கொடுத்த சட்டம், வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு மீட்டரும் கொடுக்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 2015 சூலை 31 அன்று, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடையை அகற்றக் கோரி அலைபேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்திருந்தார். ஒரு கடையை இடம் மாற்ற ஒருவர் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், மனு கொடுக்கும் வழி அடைபட்டுக் கிடக்கிறது என்றுதான் பொருள்.

கிராம சபை இருக்கிறதே என்று கேட்கலாம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபையை அமைத்தது. மதுக்கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்ட சபைகள் ஏராளம். அத்தகைய தீர்மானங்களைக் கருத்தில் கொள்ளும்படி நீதிமன்றம் சொன்ன வேளைகளும் உண்டு. ஆனால் கடை திறக்கக் கிராம சபையின் ஒப்புதல் தேவை என்று மது விதிகள் சொல்வதில்லை. இந்தியச் சட்டத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1996இல் நாடாளுமன்றம் இயற்றிய பெசா சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் மது விற்பனையைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தரச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே கிடையாது. பழவேற்காட்டுக் கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர்கள் பழங்குடிகள்தான்; ஆயினும் மத்திய இந்தியாவின் பழங்குடி ஊர்களுக்கு உள்ள இந்த உரிமை அவர்களுக்கு இல்லை.

ஊர் கேட்கப்பட்டால் என்ன நடக்கும் என்று அறிய, ஏரியின் வடகரை சேர்ந்திருந்த மாவட்டத்தின் கதையைப் பார்க்க வேண்டும். தடாவும் சூலூர்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. 2022 வரை நெல்லூரில் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் ஆந்திர அரசு பாக்கெட்டில் அடைத்த மலிவுச் சாராயத்தை ‘வாருணி வாகினி’ என்ற திட்டப் பெயரில் ஊர்தோறும் சேர்த்துக்கொண்டிருந்தது. கடைகளை ஏலம் எடுத்தவர்கள் வீட்டு வாசலுக்கே பாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். அதே சமயம் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தீவிரமாக நடந்தது. இரவு வகுப்புக்கு வந்த பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்த பாடங்களில் சாராயத்தால் சீரழியும் குடும்பத்தின் கதையும் இருந்தது. படித்து முடித்ததும் அவர்கள் பேசியது தங்கள் வீட்டைப் பற்றித்தான். தூபகுண்டா என்ற ஊரில் பெண்கள் கூடிச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். வர்தினேனி ரோசம்மா என்ற எளிய பெண் அந்தப் போராட்டத்தின் முகமானார். செய்தி அடுத்த ஊருக்குப் போனது. தூபகுண்டாவின் செய்தி பாடமாக வேறு ஊர்களுக்குப் போனது.

இந்தப் போராட்டம் வெறும் கோபமாக முடியாமல் போனதற்குக் காரணம், அது உரிமம் பிறக்கும் இடத்திலேயே கைவைத்ததுதான். 1992இல் நெல்லூரில் சாராயக் கடை ஏலம் நடக்க வேண்டிய நாட்களில் பெண்கள் திரண்டு வந்தார்கள். ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டது. ஏலம் இல்லை என்றால் உரிமம் இல்லை. உரிமம் இல்லை என்றால் கடை இல்லை. 1993 ஏப்ரல் 15 முதல் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும். 1995 சனவரியில் என்.டி. ராமராவ் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997இல் சந்திரபாபு நாயுடு அரசு அதைத் தளர்த்தியது. முழு மதுவிலக்கு இரண்டே ஆண்டுகளில் கலைந்ததைச் சொல்லிப் போராட்டமே தோற்றது என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பெண்கள் கேட்டது தங்கள் ஊர்ச் சாராயக் கடை மூட வேண்டும் என்பதைத்தான். அதை வாங்கிக்கொண்ட கட்சிகள் மாநிலம் தழுவிய தேர்தல் வாக்குறுதியாக மாற்றின. மாநிலத் தலைநகரில் பிறந்த தடையை மாநிலத் தலைநகரே எடுத்துவிட்டது. ஊரின் முடிவு ஊரின் முடிவாகவே சட்டத்தில் ஏறியிருந்தால், அதை நீக்கவும் அந்த ஊரையே கேட்க வேண்டியிருந்திருக்கும்.

அதே ஆந்திரத்தில் 2019 அக்டோபரில் கடைகள் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2024 அக்டோபரில் மறுபடி தனியாருக்குப் போயின. 3,396 கடைகளுக்குக் குலுக்கல். திருப்பித் தரப்படாத விண்ணப்பக் கட்டணம் இரண்டு லட்சம் ரூபாய். ஏறக்குறைய 90,000 விண்ணப்பங்கள் வந்து, ஒரு கடையும் திறக்கும் முன்பே அரசுக்கு 1,797 கோடி ரூபாய் சேர்ந்தது. பழவேற்காட்டுப் பாடு முறையிலும் சீட்டுக் குலுக்குகிறார்கள். அங்கே பெயர் விழுகிறவர் ஊரார் அனைவருக்கும் தெரிந்தவர், நாளை தன் முறை முடிந்ததும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர். மதுக்கடைக் குலுக்கலில் பெயர் விழுகிறவர் அந்த ஊரைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கடை வேண்டாம் என்றால் கள்ளச்சாராயம் வரும் என்பது அரசுகள் எப்போதும் சொல்லும் பதில். இதைத் தள்ளிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பழவேற்காட்டுக் கழியைத் தொட்டுத் தெற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய் போய்ச் சேரும் இடம் மரக்காணம். அங்கே எக்கியார்குப்பம் என்ற மீனவ ஊரில் 2023 மே 13 அன்று விற்ற சாராயத்தில் மெத்தனால் இருந்தது. அந்த நாட்களில் மரக்காணம், செங்கல்பட்டு மாவட்டச் சித்தாமூர் பகுதிகளில் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65க்கும் மேற்பட்டோர். இரண்டும் மதுவிலக்கு இல்லாத, ஐயாயிரம் அரசுக் கடைகள் உள்ள மாநிலத்தில் நடந்தவை. மதுவிலக்குள்ள பீகாரின் சாரண் மாவட்டத்திலும் 2022 டிசம்பரில் இதே கொடுமை நடந்தது. ஆகவே கடை இருப்பதும் இல்லாததும் மட்டும் இந்தச் சாவுகளைத் தீர்மானிப்பதில்லை. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் எந்த உரிமத்தில் வெளியேறியது, யார் கணக்கெடுக்கத் தவறினார் என்பதும், ஊருக்குள் விற்கிறவரைக் காட்டிக்கொடுக்கும் துணிவு யாருக்கு இருந்தது என்பதும் தீர்மானிக்கின்றன. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024 சூன் 29 அன்று சட்டம் திருத்தப்பட்டது. சாவுக்குக் காரணமானவருக்கு ஆயுள் சிறை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். தண்டனை கூடியது. தகவல் சொல்லும் ஊருக்கு எந்த இடமும் புதிதாகக் கிடைக்கவில்லை. கள்ளச்சாராயம் காய்ச்சும் இடமும் விற்கும் வீடும் ஊருக்கு எப்போதும் தெரியும். தன் சொல்லுக்கு மதிப்பு இருந்தால்தான் ஊர் வாய் திறக்கும்.

கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது போதும் என்பாரும் உண்டு. 2016இலும் 2017இலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. 2023 சூன் 22 அன்று மேலும் 500 கடைகள் மூடப்பட்டு, எண்ணிக்கை 5,329இலிருந்து 4,829 ஆனது. அந்த நிதியாண்டின் வருவாய் முந்தைய ஆண்டின் 44,121 கோடியை விட 1,700 கோடிக்கு மேல் கூடியது. எந்த 500 என்பதை நிறுவனமே தேர்ந்தது. குறைவாக விற்ற கடை, இரண்டு கடைகள் அருகருகே இருந்த இடம் என்று பார்ப்பது ஒரு வணிக நிறுவனத்துக்கு இயல்பு. எந்தக் கடையால் ஓர் ஊர் அதிகம் துன்பப்படுகிறதோ அதை முதலில் மூடு என்று சொல்லும் அளவுகோல் அதனிடம் இருக்க முடியாது. அந்த அளவுகோல் ஊரிடம்தான் இருக்கிறது.

ஊர் என்றால் யார் என்ற கேள்வி இங்கே வரும். மீனவ ஊர்களில் அதிகாரம் உள்ள அமைப்பு ஊர்ப் பஞ்சாயத்து. ஊருக்குள் சாராயம் விற்றால் தண்டம் என்று சோழமண்டலக் கரையின் பல குப்பங்களில் கட்டுப்பாடு போட்டதுண்டு. காவல்துறை செய்ய முடியாததை அது சில இடங்களில் செய்தும் காட்டியது. ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் உட்காருபவர்கள் ஆண்கள். குடிக்கிறவர்களும் அவர்களில் இருப்பார்கள், விற்கிறவரின் உறவினரும் இருப்பார்கள். நான் மேலே வியந்து சொன்ன பாடு முறையிலும் உரிமை ஆண்களுக்கே. சாதிக்கும் ஊருக்கும் வெளியே இருப்பவர்கள் அந்த நீரில் இடம் கேட்டுப் பலகாலம் சண்டையிட வேண்டியிருந்தது. மதுக்கடை பற்றிய முடிவை அப்படியே ஊர்ப் பஞ்சாயத்திடம் கொடுத்தால், குடியால் அதிகம் அடிபடுகிற பெண்கள் இரண்டாம் முறையும் வெளியே நிற்பார்கள். கை தூக்கிச் சொல்லும் கிராம சபையிலும், கணவனும் மைத்துனனும் கடைக்காரரின் ஆளும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண் என்ன செய்வார்?

மகாராட்டிரம் இதற்கு ஒரு விடை கண்டது. 2008 மார்ச் 25ஆம் நாள் ஆணையின்படி ஓர் ஊரின் பெண் வாக்காளர்களில் கால் பங்கினர் எழுதிக் கேட்டால் இரகசிய வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். படுத்த பாட்டிலுக்கு மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் விழுந்தால் கடை மூடப்படும். எழுத்து தெரியாதவரும் தெளிவாக வாக்களிக்கலாம். யார் எதில் குத்தினார் என்று யாருக்கும் தெரியாது. வந்து வாக்களித்தவர்களில் பாதி போதாது, பட்டியலில் உள்ளவர்களில் பாதி வேண்டும் என்பதால் வேலைக்கு வெளியூர் போனவர்களும் இறந்து நீக்கப்படாத பெயர்களும் கடைக்குச் சாதகமாகிவிடுகின்றன. இந்தக் குறையைத் தமிழ்நாடு எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதை இந்தியாவின் புதுமை என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் ஆங்கிலேயர் காலத்திலேயே உள்ளூர் வாக்கெடுப்பால் தவறணை எனப்படும் மதுக்கடைகளை மூடும் வழி இருந்தது; யாழ்ப்பாணத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். ஸ்காட்லாந்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்களுக்கு அந்த உரிமையைத் தந்து, 1920இல் முதல் வாக்கெடுப்புகள் நடந்தன. வட கடலோரத்தில் ஹெர்ரிங் மீனுக்குப் பேர்போன விக் துறைமுகம் மது வேண்டாம் என்று வாக்களித்து 1922 முதல் 1947 வரை கடையில்லாமல் இருந்தது. பிறகு மறுபடி வாக்களித்துக் கடைகளைத் திறந்தது. மீனவர் ஊர் ஒன்று கால் நூற்றாண்டு தன் முடிவில் நின்றது. மனம் மாறியபோது அதையும் தானே செய்தது. இரண்டையும் ஒரே அளவுக்கு மதிக்கிறேன். கடை வேண்டும் என்று ஓர் ஊர் சொல்லவும் இந்த முறையில் இடம் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விதி செய்யும் அதிகாரம் மதுவிலக்குச் சட்டத்திலேயே அரசுக்கு இருக்கிறது. 2003ஆம் ஆண்டு விதிகளில், புதிய கடைக்கு முன்னும், பெண் வாக்காளர்களில் ஒரு பங்கினர் கேட்கும்போதும் இரகசிய வாக்கெடுப்பு என்று ஒரு விதியைச் சேர்க்கலாம். வாக்கெடுப்பை டாஸ்மாக்கோ, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையோ நடத்தக் கூடாது. விற்கும் கை எண்ணும் கையாக இருக்க முடியாது. உள்ளாட்சித் தேர்தல் நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தட்டும். தூர விதியில் படகுத்துறையும் மீன் ஏலக் கூடமும் சேர வேண்டும். கடை மூடிய ஊரில் கள்ளவிற்பனை பற்றி வரும் புகாருக்கு எத்தனை நாளில் நடவடிக்கை என்பதும் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாவிட்டால் வாக்களித்த பெண்களே தண்டிக்கப்பட்டவர்கள் ஆவார்கள்.

வருவாய் என்னாகும் என்ற அச்சம் அரசுக்கு இருக்கும். ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ரூபாய் ஒரு கடைக்குச் சராசரியாக ஆண்டு வருவாய் என்று 2023-24 கணக்குச் சொல்கிறது. மாநிலத்தின் எல்லா ஊர்களும் ஒரே நாளில் வாக்களிக்கப் போவதில்லை. மூடும் ஊர்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். 1937இல் ஒரு மாகாண அரசு தன் கலால் வருவாயை விட்டுக்கொடுக்கத் துணிந்து, அதற்கு மாற்றும் தேடியது. இன்றைய அரசிடம் கேட்பது அதைவிட மிகக் குறைவு.

எல்லாவற்றையும் விடக் கடினமானது, வாக்காளர் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதுதான். பழவேற்காட்டுக் கரையில் கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், தாங்கல்பெரும்புலம் என்று ஊராட்சிகள் பல. ஒவ்வொன்றுக்குள்ளும் குப்பங்கள், காலனிகள், இருளர் குடியிருப்புகள். ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் வரும் கடைக்கு அந்த ஊராட்சி மட்டும் வாக்களித்தால், எல்லைக்கு ஒரு கோல் தூரம் தள்ளிக் கடையை நகர்த்திவிட வழி உண்டு. 2017இல் நெடுஞ்சாலைக் கடைகள் அப்படித்தான் நகர்ந்தன. கடையின் எல்லைக்குள் வாழ்கிறவர்களைக் கேட்பதோடு நிற்காமல், அந்தக் கடைக்கு வந்து போகிறவர்களின் வீடுகளையும் கேட்க வேண்டும். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு கடைக்கு உரிமம் கொடுப்பதானால், தண்ணீருக்கு அப்பால் இருக்கும் பசியாவரத்துப் பெண்களின் பெயரும் இடமணி காலனிப் பெண்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்; வாக்குப்பெட்டி படகில் அவர்கள் ஊருக்கே போக வேண்டும்.